ஜூலையில் ஒரு மார்ச் மாதக் கிட்டார்

ஜினிஷா இடது கையை மேசைமேல் நீட்டிக் காட்டினாள். ஆள்காட்டி விரலின் ஓரத்தில், பூனை பிறாண்டியதுபோல் ஐந்தாறு மெல்லிய கோடுகள். ஒன்றில் ரத்தம் இன்னும் காயவில்லை.

"பூனையா?" என்றான் எட்சன்.

"கிட்டாரு."

"கடிக்குத கிட்டாரா? ஊசி போட்டாச்சா?"

தேவகனி அவனை ஒரு பார்வை பார்த்தாள். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மிக்சி பழுதுபார்க்கும் கடையின் மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். பதினைந்து வருடம் ஒரு பள்ளிக்கூடத்து பௌதிக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். எட்சன் சவுதியில், தம்மாமில் ஒன்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்த உதவியாளன். அவனுக்கு முன்னால் அவன் வாய் ஊர் திரும்பிவிட்டது என்று அவள் சொல்வாள். அங்கே பேச ஆள் கிடைக்காமல் சேர்த்துவைத்ததை இங்கே தீர்க்கிறானாம்.

"கிட்டார எடு," என்றாள் தேவகனி.

ஜினிஷா கவரின் ஜிப்பைத் திறந்தாள். சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார். திருச்சபையின் சொத்து. அதை சபைப் பாடகர் குழுவுக்காக வாங்கியிருந்தார்கள், வாசித்தவன் சிஜின், பராமரித்தவள் ஜினிஷா.

அந்தக் கிட்டாருக்கும் அவள் அப்பா ரசலையன் நாகர்கோவில் சிறையில் இருப்பதற்கும் நேர்த் தொடர்பு உண்டு. ஆறு வாரத்துக்கு முன்னால், ஜூன் மாதத்து விடியற்காலை ஒன்றில், ஸ்டெனியின் இசைக்குழு வேன் வில்லுக்குறி அருகே சைக்கிளில் பால் கொண்டுபோனவரை இடித்துக் கொன்றது. வேனில் மூன்று பேர். முதலாளி ஸ்டெனி, டிரைவர் ரசலையன், கிட்டார்க்காரன் சிஜின். ரசலையன் குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஸ்டெனி எழுதிக்கொடுத்தான். ஓட்டியது ஸ்டெனி, நான் பின்சீட்டில் தூங்கினேன் என்று ரசலையன் சொன்னதைக் கேட்க ஆளில்லை. உண்மையைப் பார்த்த ஒரே ஆளான சிஜின் மறுநாளே கிட்டாரோடு காணாமல் போனான்.

இரண்டு தடவை ஜாமீன் மனு தள்ளுபடியானது. மூன்றாவது மனு திங்கட்கிழமை வருகிறது. சிஜின் வாய் திறந்தால் ரசலையன் வெளியே வருவார். திறக்காவிட்டால் இல்லை. இன்று சனிக்கிழமை.

"நேத்து காலையில கிட்டாரு மட்டும் சர்ச் வெஸ்ட்ரி ரூம் வாசல்ல இருந்துச்சு," என்றாள் ஜினிஷா. "யாரு வச்சாவன்னு தெரியாது. சீட்டு ஒண்ணும் இல்ல. நான் எலுமிச்சை எண்ணெ போட்டுத் தொடச்சு வாசிச்சுப் பாத்தேன். கையைக் கீறுது. கம்பியும் மேல ஏறி நிக்கு. ஜூன் மொத வாரம் மழைக்குத் தோதா நானே செட் பண்ணிக் குடுத்த கிட்டாரு மேடம். ராத்திரி பூரா யோசிச்சும் எனக்குப் பிடி கிட்டல."

கவர் மூடியின் உட்புறத்தில் வரிசையாகக் காகித டேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் தேதியும், செய்த வேலையும்.

"டாக்டர் சீட்டு மாதிரில்லா வச்சிருக்கா," என்றான் எட்சன்.

"இது என்னன்னு சொல்லு," என்றாள் தேவகனி ஜினிஷாவிடம்.

"கிட்டாருக்க கழுத்து, அந்த நெக்குக்கு உள்ள ஒரு இரும்புத் தண்டு உண்டு. டிரஸ் ராடு. அதை முறுக்கினா நெக் நிமிரும், தளத்தினா வளையும். மார்ச்சு மாசம் காத்து காஞ்சு கெடக்கும்போ நெக் முன்னால வளைஞ்சு கம்பி ஏறும். கால் சுத்து முறுக்குவேன். ஜூன்ல மழை விழுந்தா திரும்ப நிமிந்து, கம்பி தாந்து இரையும். கால் சுத்து தளத்துவேன். மூணு வருசமா இப்படித்தான். இப்ப ஜூலை. ஊரெல்லாம் மழை. இது மட்டும் மார்ச்சு மாசம் மாதிரி நிக்கு."

தேவகனியின் முகத்தில் ஆய்வுக்கூட வெளிச்சம் வந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழே மெல்ல இழுத்தாள். விரல் வைக்கும் பலகையின் குறுக்கே வரிசையாகப் பதித்த மெல்லிய உலோகத் துண்டுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். ஒவ்வொரு ஃப்ரெட்டின் நுனியிலும் பஞ்சு சிக்கி, கொஞ்சம் பிய்ந்து நின்றது. இருபத்திரண்டு ஃப்ரெட்டிலும் வெள்ளைக் கொடி.

"சரணடைஞ்சிட்டு," என்றான் எட்சன்.

"கேளு," என்றாள் தேவகனி. "நெக் எந்தப் பக்கம் வளையும்ங்கது கட்டைக்குக் கட்டை மாறும். அதை மட்டும் நம்பி ஆளைத் தேட முடியாது. ஆனா அகலம் பொய் சொல்லாது. மரம் ஈரத்தைக் குடிச்சா குறுக்க வீங்கும், காஞ்சா குறுக்க சுருங்கும். மழைக்காலத்துல அலமாரிக் கதவு அடைக்க முடியாம முழிக்கோம்லா, அதேதான். ஃப்ரெட்டு உலோகம். அதுக்கு மழையும் ஒண்ணுதான் வெயிலும் ஒண்ணுதான். பலகை சுருங்கி உள்ள போயிருக்கு. ஃப்ரெட்டு நுனி இருந்த எடத்துலயே நிக்கு. அதான் கீறுது."

"அப்ப இந்த ஆறு வாரமும் இது காஞ்ச எடத்துல இருந்திருக்கு," என்றாள் ஜினிஷா மெதுவாக.

"கிட்டாரு இருந்த எடத்துல சிஜினும் இருந்திருப்பான். இப்ப நம்ம ஜில்லாவுல காஞ்ச எடம் எது?"

"ஏசி ரூமு," என்றான் எட்சன். "ஏசிங்கது குளிரு தாற மிஷினு இல்லக்கா, காத்தைப் பிழியுத மிஷினு. ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணி எடுக்கும்."

"ராத்திரி மட்டும் ஓடினா பகல்ல மரம் திரும்பக் குடிச்சிரும். இது ராத்திரி பகலா, வாரக்கணக்கா காஞ்ச மரம். ஆறு வாரம் நிறுத்தாம ஏசி ஓடுத வீடு உனக்குத் தெரியுமா?"

"தம்மாம்ல தெரியும்."

"இங்க?"

ஜினிஷா சொன்னாள். "ஆரல்வாய்மொழி. இப்ப அங்க மழை கிடையாது, காத்துதான். ஸ்டெனிக்கு அங்கன ஒரு வீடு உண்டு. சிஜின அவனே பிடிச்சு வச்சிருப்பான்."

மூவரும் எழுந்தார்கள்.

*

கணவாய்க் காற்று எட்சனின் பழைய மாருதியை ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளியது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் நிற்காமல் சுற்றின.

"எதிர்க்காத்துல மைலேஜ் குறையும் அக்கா. அதையும் பில்லுல சேத்துக்கிடணும்."

"ரோட்டப் பாரு லே."

ஸ்டெனியின் வீட்டு முற்றத்தில் ஜீப் நின்றது. அவனே வெளியே வந்தான். முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை. அவனுக்குப் பின்னால் இரண்டு ஆட்கள்.

"ஏட்டி ஜினிஷா, நீயா? அப்பாக்கு எப்படி இருக்கு?"

"நீங்க அனுப்பின எடத்துல இருக்காவ."

அவன் சிரித்தான். அப்போதுதான் அவள் தோளில் தொங்கிய கவரைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"அது சபை கிட்டாருல்லா? எங்கன கெடச்சு?"

தேவகனி அந்தக் கேள்வியை மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். சிஜினை ஒளித்து வைத்தவனுக்குக் கிட்டார் எங்கே இருந்தது என்று தெரியும். அவன் இப்படிக் கேட்க மாட்டான். இவனும் சிஜினைத் தேடுகிறான். கையிலிருந்த ஒரே துப்பை இவன் வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாயிற்று.

"வெஸ்ட்ரியில கெடந்துச்சு," என்றாள் சாதாரணமாக. "சிஜின் இங்க வந்தானான்னு கேக்க வந்தோம்."

"அவன் பெங்களூருக்குப் போய்ட்டான் மேடம்." சொல்லிக்கொண்டே ஸ்டெனி கை நீட்டிக் கிட்டாரை வாங்கினான். அவனும் பதினைந்து வருடம் மேடையில் வாசித்தவன். கட்டைவிரலை நெக்கின் ஓரத்தில் ஒருமுறை ஓடவிட்டான். நின்றான். மறுபடி ஓடவிட்டான்.

"நல்லா காஞ்சிருக்கு," என்றான். கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தான்.

வழக்கத்தை விடாத எட்சன் புறப்படும்போது விசிட்டிங் கார்டை நீட்டினான். அது தவறு என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

கார் வளைவு தாண்டுவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அது நாகர்கோவில் பக்கம் வரவில்லை. கணவாயைத் தாண்டி, காவல்கிணறு, வள்ளியூர்ப் பக்கம் பறந்தது.

"அவனும் அதே கணக்கைப் போட்டுட்டான்," என்றாள் தேவகனி. "மழை இல்லாத ஊரா தேடிப் போறான்."

ஜினிஷா பின்கண்ணாடி வழியாக ஜீப்பைப் பார்த்தாள். "நம்மளே வழி சொல்லிக் குடுத்துட்டமே. சிஜின் அங்க இருந்தா?"

"வண்டிய ஓரம் கட்டு எட்சன்."

நிறுத்தினான். காற்று காரை ஆட்டிக்கொண்டிருந்தது. தேவகனி முன்கண்ணாடிக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்தாள். காலையில் துடைத்த இடம். விரலில் மாவுபோல் செம்மண் தூசி.

"அரைமணி நேரத்துல இவ்வளவு," என்றாள். "இந்தக் காத்துல ஆறு வாரம் இருந்த கிட்டாருக்குள்ள எவ்வளவு இருக்கணும்? வெளிய நீ தொடச்சிட்ட. உள்ள தொடச்சியா?"

"இல்ல மேடம். பின்பக்கத் தகட்டை நான் திறக்கவே இல்ல."

எட்சனின் டூல் பாக்சிலிருந்து ஸ்குரூ டிரைவர் வந்தது. ஆறு திருகாணிகள். பிளாஸ்டிக் தகடு விலகியதும் மூன்று தலைகளும் குனிந்தன. உள்ளே ஸ்பிரிங்குகள், வயர்கள். தூசி ஒரு பொட்டு இல்லை. ஆனால் வெள்ளையாக இருந்த வயர்கள் தேயிலைத் தண்ணீரில் போட்டதுபோல் பழுப்பேறியிருந்தன.

எட்சன் மூக்கைச் சுருக்கினான். இன்னும் குனிந்து முகர்ந்தான். முதல்முறையாக அவன் முகத்தில் கேலி இல்லை.

"எனக்க அப்பாக்க சட்டை," என்றான்.

"என்னது?"

"எங்க அப்பாக்க சட்டைக்க மணம் அக்கா. சாயங்காலம் அவரு வீட்டுக்கு வந்தா முதல்ல இந்த மணம் படியேறும், பொறவுதான் அவரு ஏறுவாரு. இது புகைப்புரை. ரப்பர் ஷீட்டு காயப்போடுத எடம்."

தேவகனி தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள்.

ஜில்லாவின் மேற்கே, குலசேகரம் பக்கம், இப்போது விடாமல் மழை. அங்கே ரப்பர் பாலை உறையவைத்து, தட்டையான ஷீட்டாக உருட்டி, ஒரு மூடிய அறைக்குள் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டுவார்கள். புகையும் சூடும் இரவு பகலாக ஷீட்டின் ஈரத்தை எடுக்கும். வெளியே எத்தனை மழை பெய்தாலும், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் மட்டும் காற்று காய்ந்து கிடக்கும்.

"ஊரு ஊரா காஞ்ச எடம் தேடினோம்," என்றாள். "மழைக்கு நடுவுல ஒரு ரூம் மட்டும் காஞ்சிருக்கும்னு தோணல. ஆனா அங்க நூறு புகைப்புரை இருக்குமே லே."

"இப்ப இருக்காது. மழையில பால் வெட்ட முடியாது, தண்ணி கலந்துரும். முக்காவாசிப் பேரு வெட்டை நிறுத்திருவான், புரையும் ஆறிக் கெடக்கும். வெட்டுல தண்ணி விழாம மரத்துக்கு பிளாஸ்டிக்குல பாவாடை கெட்டிவிட்ட தோட்டக்காரன் மட்டும்தான் மழையிலயும் வெட்டுவான். தீ அணையாத புரைன்னா பாவாடை கெட்டின தோட்டம்."

ஜினிஷா சட்டென்று நிமிர்ந்தாள். "பெபிஷா அக்கா. எங்க குழுவுல பாடினாவ. குலசேகரத்துக்குக் கெட்டிக் குடுத்தாவ. போன மாசம் போன்ல, மரத்துக்கெல்லாம் பாவாடை கெட்டி முதுகு ஒடிஞ்சு போச்சுன்னு சொன்னாவ."

எட்சன் ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

*

தக்கலையை நெருங்கும்போது வானம் கறுத்தது. எட்சனின் போன் அடித்தது. புது நம்பர்.

"ஸ்டெனி பேசுதேன். கார்டு பாத்தேன். எங்கன நிக்கிய?"

"வள்ளியூர்ல. பரோட்டா கடையில."

அந்த நேரம் பார்த்து முதல் மழைத்துளிகள் காரின் கூரையில் படபடவென்று விழுந்தன. எட்சன் போனைச் சட்டைக்குள் அமுக்கினான். கூரை முழுவதும் சடசடத்தது. ஜினிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்ன சத்தம்?"

"முட்டைய ஒடச்சு ஊத்துதான் அண்ணே. கல்லு சூடு."

"நானும் வள்ளியூர்லதான் நிக்கேன்," என்றான் ஸ்டெனி. போன் அணைந்தது.

வைப்பர் இரண்டு முறை போய்வந்தது.

"மழையக் கேட்டுட்டான்," என்றாள் தேவகனி. "மழைக்கு நடுவுல காஞ்ச எடம் எதுன்னு அவனும் கண்டுபிடிச்சிருவான். அங்கேருந்து இங்க வர ஒண்ணரை மணி நேரம். அவன் பறந்து வராதவரை நமக்கு ஒண்ணரை மணி நேரம் இருக்கு. அழுத்து."

குலசேகரம் தாண்டி மண் ரோட்டில் திரும்பினார்கள். முதல் இரண்டு தோட்டங்களில் மரங்கள் வெறுமனே நனைந்தன. மூன்றாவதில், ஒவ்வொரு மரமும் இடுப்பில் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டி வரிசையாக நின்றது. மேட்டில் தகரக் கூரைக்குக் கீழிருந்து புகை, மழையில் எழ முடியாமல் தாழ்ந்து கிடந்தது.

புரைக்கு முன்னால் குடையோடு பெபிஷா நின்றாள். கார் நின்றதும் சொன்னாள். "இங்க யாருமில்ல."

"நாங்க இன்னும் யாரையும் கேக்கலியே," என்றாள் தேவகனி.

பெபிஷாவின் குடை சரிந்தது. அவளுக்குப் பின்னால், ஷீட் அடுக்கும் அறையின் கதவு கொஞ்சம் திறந்தது. தாடி வளர்ந்த ஒரு முகம். அதன் கண்கள் மனிதர்களைப் பார்க்கவில்லை. ஜினிஷாவின் தோளில் தொங்கிய கவரைப் பார்த்தன.

"கிட்டாருக்கு என்ன ஆச்சு?" என்றான் சிஜின்.

ஆறு வாரமாக ஒளிந்திருந்தவனின் முதல் வார்த்தை அதுதான். ஜினிஷா கையைக் காட்டினாள். அவன் பதறிப்போய் நெக்கின் ஓரத்தைத் தடவினான்.

"மழையில பூத்துரும்னு பயந்தேன் ஏட்டி. சபை சாதனம்லா. இந்தா, இந்தச் சூடு சுவரோட சாச்சு வச்சேன். பூஞ்சை ஒரு பொட்டு இல்ல, பாத்தியா?"

"பாத்தேன். இதை ஏன் திருப்பி அனுப்பின?"

"நாளைக்கு அசனம்லா." சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஆண்டு விருந்தைச் சொன்னான். "யாராவது வாசிக்கணும். ரெஜிஸ்டர்ல நான் எடுத்ததா எனக்க கையெழுத்து இருக்கு. பெபிஷா அக்காவை முதல் பஸ்சுல அனுப்பினேன். சபை சாமான நான் எப்படி வச்சுக்கிட்டு இருக்க?"

எட்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தேவகனி அவன் முழங்கையைப் பிடித்தாள்.

ஜினிஷா அழவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது. "சபை சாமான நாள் தவறாம திருப்பிக் குடுத்துட்ட. எங்க அப்பாவையும் திருப்பிக் குடு சிஜின்."

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. சிஜின் சூடான சுவரில் கையை ஊன்றினான். "எங்க வீட்டு வாசல்ல ஸ்டெனி ஆள நிறுத்தியிருக்கான். பேசினா அடுத்த சைக்கிள்ல நீதான்னு சொன்னான்."

"இன்னும் ஒரு மணி நேரத்துல இங்கேயே வருவான்," என்றாள் தேவகனி. "அவன் உன்னைத் தேடுதது நீ பேசாம இருக்கதுவரைதான். வக்கீல் முன்னால பேசிக் கையெழுத்துப் போட்டாச்சுன்னா, பொறவு உன்னைப் பிடிச்சு அவனுக்கு என்ன லாபம்? ஒளிஞ்சிருக்கதுதான் உனக்கு ஆபத்து."

சிஜின் சுவரிலிருந்து கையை எடுத்தான். செருப்பைத் தேடினான். ஒன்று கிடைத்தது. இன்னொன்றை பெபிஷா மழைக்குள்ளிருந்து எடுத்துவந்து அவன் காலருகே போட்டாள். "போ மக்கா," என்றாள்.

*

ஸ்டெனி வரக்கூடிய தக்கலை ரோட்டை விட்டுவிட்டு, சுருளகோடு, பூதப்பாண்டி வழியாக எட்சன் ஓட்டினான். பின்சீட்டில் சிஜின் ரசலையனின் வக்கீலோடு போனில் பேசினான். "ஓட்டினது ஸ்டெனிதான் சார். நான் பக்கத்து சீட்டுல இருந்தேன். ரசலையன் மாமா பின்னால தூங்கினாவ. இடிச்ச பொறவுதான் அவரை எழுப்பி முன்னால உக்கார வச்சான்." வக்கீல் ஆறு மணிக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். திங்கட்கிழமை கோர்ட்டிலும் அவன் நிற்க வேண்டும். நிற்பேன் என்றான்.

ஜினிஷா அதுவரை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் மடியிலிருந்த கிட்டாரைப் பார்த்தாள்.

"கவலைப்படாத மக்கா," என்றான் எட்சன். "வடசேரியில எனக்கு ஒரு ஆளு உண்டு. அரம் போட்டு அஞ்சு நிமிசத்துல நுனியெல்லாம் தேச்சிருவான்."

"தேய்க்கக் கூடாது அண்ணே. இப்ப மரம் சுருங்கியிருக்கு. இந்த அளவுக்குத் தேச்சா, ஈரம் ஏறி மரம் வீங்கும்போ ஃப்ரெட்டு குட்டையாப் போயிரும். கம்பி ஓரத்துல வழுக்கி வெளிய விழும்."

அவள் கவர்ப் பையிலிருந்து ராடை முறுக்கும் ஆலன் கீயை எடுத்து நெக்கின் தலைப்பக்கத் துளையில் நுழைத்தாள். கால் சுற்று முறுக்கினாள். கம்பி கொஞ்சம் தாழ்ந்தது. சிஜின் கை நீட்டி ஒரு ஸ்வரம் மீட்டிப் பார்த்தான். இரையவில்லை. நாளைய அசனத்துக்கு இது போதும்.

பிறகு ஒரு புதுக் காகித டேப்பைக் கிழித்து, கார் குலுங்கக் குலுங்க எழுதி, மற்றவற்றுக்குக் கீழே ஒட்டினாள்:

ஜூலை. டிரஸ் ராடு கால் சுற்று முறுக்கியது. ஃப்ரெட்டைத் தேய்க்கவில்லை. கவரில் வைக்காமல் வீட்டுக்குள் இரண்டு வாரம் மாட்டி வைக்க. ஈரம் ஏறி நுனிகள் உள்ளே போனதும், முறுக்கிய கால் சுற்றைத் தளர்த்த.